மோசஸ் பாடையில் படுத்த படம்

கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டிராவல்ஸ் மோசஸ் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்ட ஆள் வெறும் வழியோடு விடமாட்டான். "எந்த மோசஸு? பிரெஞ்சுப் படத்துல நடிச்ச மோசஸா?" என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துத்தான் அனுப்புவான். அந்தச் சிரிப்பில் பாதி மரியாதை, பாதி கேலி. மோசஸ் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். எந்தப் பாதி என்று சொல்லவும் வேண்டுமா?

எடுத்துக்கொள்ளட்டுமே, அதிலென்ன தப்பு? செய்யூர்ப் பக்கம் யாரோ ஒருத்தர் தோப்பில் கூலிக்குச் சவுக்கு வெட்டியவருக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவர். லாரியில் கிளீனராக ஏறி, வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கி, டிரைவரின் அறையும் வசவும் வாங்கி, ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். எவனும் கைதூக்கி விட்டதில்லை. இன்றைக்கு ஈ.சி.ஆர். ரோட்டோரம் சொந்த ஷெட்டில் நாலு வேன் நிற்கிறது. நாலிலும் நெற்றியில் 'காசியம்மாள் டிராவல்ஸ்' என்று எழுதியிருக்கும். கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் மோசஸுக்குத்தான் போன் அடிப்பார்கள். "வண்டி கிடைக்குமா சார்?" என்று அவர்கள் கேட்க, இவர் "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு "பாக்கலாம்" சொல்வதற்கு மனிதர் நாற்பது வருஷம் பாடுபட்டிருக்கிறார்.

ஆனால் நாலு வேனைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பேசமாட்டார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அந்தப் படத்தில்தான் போய் நிற்கும்.

எண்பத்துமூன்றிலோ நாலிலோ, மாமல்லபுரத்தில் ஒரு பிரெஞ்சுக் கூட்டம் வந்து இறங்கிப் படம் எடுத்தது. ரகசிய ஏஜெண்ட் படம். ஆனால் அடிதடி ஏஜெண்ட் இல்லை, உலகத்திலேயே பயந்தாங்கொள்ளியான ஏஜெண்ட். நாயைக் கண்டால் ஓடுவான், காக்கையைக் கண்டால் குனிவான். போட்டோ எடுக்கிற லைட்டர் ஒன்று வைத்திருப்பான்; அதை அமுக்கும்போதெல்லாம் ஒட்டுமீசை கருகும். ஏதோ ஒரு ரகசியச் சுருளைக் கற்சிலைக்குள் எவனோ ஒளித்துவைத்துவிட்டானாம், அதைத் தேடி இவன் கடற்கரையெல்லாம் அலைகிறான், இவனைத் தேடி நாலு தடியர்கள் அலைகிறார்கள். கதை இவ்வளவுதான். படத்தின் பெயர் மோசஸின் வாயில் நுழையாது. "நம்ம படம்" என்பார்.

"நான் பாடையில படுத்துகினு கீறேன்," என்று ஷெட்டில் டீ டம்ளரோடு உட்கார்ந்து ஆரம்பிப்பார். "வில்லனுங்க வந்து துணியத் தூக்கறானுங்க. எகிறி எழுந்து ஒருத்தனுக்கு வுட்டேன் பாரு ஒண்ணு! ஹீரோ குறுக்க வந்தான். அவனுக்கும் ஒண்ணு. மூணு சுத்து சுத்தி மணல்ல போய் வுழுந்தான். டைரக்டரு கை தட்டறான், நிறுத்தவே மாட்டேங்கறான்!"

டிரைவர் பெஞ்சமின் இதை எத்தனை முறை கேட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. எதிர்வீட்டு ஜெகதாம்பாள் மட்டும் விடமாட்டாள். "ஏன் அண்ணாத்த, போன தபா ரெண்டு சுத்துன்னு சொன்ன?"

"காத்து ஜாஸ்தியா இருந்துச்சுமே அன்னிக்கி."

இந்தக் கதை நடக்கும்போதெல்லாம் அவர் மனைவி காசியம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மத்தியானம் சோறு போடும்போது, "அந்த வெள்ளக்காரன் மூணு சுத்தா சுத்துனான்?" என்று மட்டும் கேட்பாள். "நீ சும்மா கெட," என்பார் மோசஸ். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் ஒருநாளும் அவள் அடுத்தவர் முன்னால் அந்தக் கதையைத் திருத்தியதில்லை.

திருத்தியிருக்கலாம். ஏனென்றால் அடித்தவள் அவள்.

நடந்தது இதுதான். அப்போது மோசஸுக்கு இருபத்துநாலு வயசு. அந்த வயசுக்கு அவன் என்றே சொல்லிவிடலாம். காசியம்மாளைக் கட்டி மூன்று மாதம் ஆகவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஓலைக் குடிசையில் புதுக்குடித்தனம். பிரெஞ்சுக் கூட்டத்துக்கு வேன் ஓட்டுகிற வேலை. காலையில் அவர்களைக் கூட்டிவருவது, சாயங்காலம் கொண்டுபோய் விடுவது, நடுவில் யாருக்காவது வயிறு கலங்கினால் இளநீர் தேடி ஓடுவது. யாராவது ஒருத்தருக்குத் தினமும் கலங்கியது.

அன்றைக்குப் படத்தில் சாவு ஊர்வலம். தடியர்கள் துரத்துகிறார்கள், ஏஜெண்ட் ஒளிய இடமில்லாமல் ஒரு பாடைக்கு அடியில் புகுந்து தவழ்ந்தே போகிறான். தடியர்கள் ஊர்வலத்தை நிறுத்தி, துணியை விலக்கிப் பார்த்தால் உள்ளூர் ஆள் ஒருத்தன் செத்துக் கிடக்க வேண்டும். அந்த உள்ளூர் ஆளுக்குத்தான் பஞ்சம். பேசி வைத்திருந்தவன் பச்சை மூங்கிலையும் பூவையும் கண்டதும் பீடி வாங்கப் போகிறேன் என்று போனவன் திரும்பவேயில்லை. வேறு ஒருத்தனும் ஒத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருப்பவன் பாடையில் படுப்பானா?

மோசஸ் முன்னால் வந்து மார்பைத் தட்டினான். "நான் படுக்கறேன். எங்க சபையில பொட்டிதான், பாடை கெடையாது. அந்தத் தோஷம்லாம் எனக்கு ஒட்டாது."

நியாயம் நன்றாகத்தான் இருந்தது. காசியம்மாள் கல்யாணத்துக்கு முன்பு வரை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய வீட்டுப் பெண் என்பதை மட்டும் அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு வாலிபர் இருந்தார். வெங்கடராகவன் என்று பெயர். மாமல்லபுரம் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். பாண்டிச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது பிரெஞ்சு பழகியவர். மோசஸ் பாடையில் ஏறிப் படுத்தான். வாயைக் கட்டினார்கள், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார்கள், கழுத்தில் பெரிய சாமந்தி மாலை. தாரை தப்பட்டையோடு ஊர்வலம் நகர்ந்தது. தடியர்கள் வந்தார்கள், துணியை விலக்கினார்கள், பயந்து ஓடினார்கள். டைரக்டர் கையைக் காட்ட, எல்லாம் முடிந்தது என்று பாடையை மணலில் இறக்கினார்கள்.

இங்கேதான் மெட்ராஸிலிருந்து வந்திருந்த லைட் ஆட்கள் குறுக்கே விழுந்தார்கள். நம் சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்த மாதிரி நடித்தவன் சும்மா எழுந்து போகக்கூடாது. எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் நடிப்பு நிஜமாகிவிடும் என்று பயம். வெங்கடராகவன் இதை டைரக்டரிடம் சொன்னார். அந்த ஆளுக்கு ஒரே குஷி. கேமராவை ஓட விடு என்று சைகை காட்டினார்.

"சிரி! சிரிடா!" என்று லைட் ஆட்கள் கத்தினார்கள்.

மோசஸ் எழுந்து உட்கார்ந்து வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

அதற்குள் குப்பத்துக்குச் செய்தி போயிருந்தது. கிளிஞ்சல் விற்கிற சம்பூர்ணம் ஓடிப்போய், "அடியே, ஒன் வூட்டுக்காரன பாடையில வெச்சு தூக்கிகினு போறாங்கடி!" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். காசியம்மாள் கையில் இருந்த சொம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மணலில் தலை அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல், கத்திக்கொண்டே. வந்து பார்த்தால் புருஷன் பாடைமேல் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறான்.

அப்புறம் விழுந்தது அடி. கழுத்து மாலையைப் பிடுங்கி அதாலேயே சாத்தினாள். பூ பறந்தது. கத்தின கத்தலில் தப்பட்டைக்காரர்கள் பத்தடி பின்னால் போனார்கள். என்ன சத்தம் என்று பாடைக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சு ஹீரோ தலையை நீட்ட, இந்த வேலைக்கெல்லாம் காரணம் இவன்தான் என்று அவனுக்கும் ஒன்று விட்டாள். அவன் எழுந்து கடலைப் பார்த்து ஓடினான். கடைசியில் மோசஸின் தலையை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தக் கூட்டம் மூட்டை கட்டிப் போனது. படம் இந்தப் பக்கம் வரவே இல்லை. மோசஸ் கோவளத்துக்குக் குடிவந்தார், ஒரு அம்பாசிடர் வாங்கினார், அதை விற்று வேன் வாங்கினார், மகள் சிநேகா பிறந்தாள், படித்தாள், செங்கல்பட்டில் நர்ஸாகப் போனாள். கோவளத்தில் அன்றைக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. கதை அவர் கைக்குள் இருந்தது, எப்படி வேண்டுமானாலும் வளைந்தது.

காசியம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சர்க்கரை வியாதி, கடைசியில் கிட்னி. அவள் செத்த அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க ஒரு போட்டோ தேடினார்கள். அப்போதுதான் மோசஸுக்கு உறைத்தது, அவளுக்கு போட்டோவே இல்லை. கல்யாணத்தில் எடுத்தது ஒன்றே ஒன்று, அது சுனாமித் தண்ணீரில் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் கேமராவைக் கண்டால் அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். மிஞ்சியது அடையாள அட்டைப் படம். கண் பிதுங்கி, உதடு இறுகி, போட்டோ பிடித்தவனைத் திட்டப் போகிற மாதிரி. அதையே பெரிசாக்கிப் போஸ்டரில் போட்டார்கள். அதையே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

இரண்டு வருஷம் அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, மோசஸுக்கு ஒரு விபரீதம் நடந்துவிட்டது. கண்ணை மூடினாலும் அந்த அட்டை முகம்தான் வந்தது. மணலில் தலை அவிழ்ந்து ஓடிவந்த முகம் வரவில்லை. மூக்குத்தி இருந்தது தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இதை அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நாலு வேன் வைத்திருக்கிற ஆள், கட்டின பெண்டாட்டி முகம் மறந்துபோச்சு என்று எவனிடம் சொல்வது?

போன மாசி மாதம் வெங்கடராகவன் போன் செய்தார். செங்கல்பட்டுக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, மாமல்லபுரத்துப் பூர்வீக வீட்டுக்கே திரும்பிவிட்டவர். இத்தனை வருஷமும் மோசஸோடு பழக்கம் விட்டுப்போகவில்லை.

"ஓய் மோசஸ், எம் புள்ளை பத்ரி பாண்டிச்சேரிலேர்ந்து பேசினான். நம்ம படம் கெடச்சுடுத்தாம். பழைய படத்தையெல்லாம் அலம்பித் தொடச்சுக் கம்ப்யூட்டர்ல போடறாளே, அதுல இருக்காம். பென் டிரைவ்ல போட்டு அனுப்பறான்."

மோசஸ் கையிலிருந்த நாஸ்தாத் தட்டைக் கீழே வைத்தார். "எப்ப சார் வருது?"

"வர சனிக்கெழமைக்குள்ள."

வேறு ஒருத்தராக இருந்தால் முதலில் தனியாகப் பார்ப்போம் என்று இருப்பார். மோசஸ் அப்படிப்பட்ட ஆளா? காசியம்மாள் அடித்ததையெல்லாம் அப்போதே கத்தரித்துப் போட்டிருப்பான் என்பது அவர் நினைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் படம், எல்லாருக்கும் பிரியாணி என்று மறுநாளே ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. தர்கா தெருவுக்கும் சொல்லியாச்சு, கோயில் தெருவுக்கும் சொல்லியாச்சு, சர்ச்சில் பூசை முடிந்ததும் மைக்கிலேயே சொல்ல வைத்தாயிற்று. ஷெட் வாசலில் பிளெக்ஸ் வேறு. கூலிங் கிளாஸ் போட்ட மோசஸ், பக்கத்தில் ஒரு சிங்கம், 'பிரான்ஸை அதிரவைத்த எங்கள் அண்ணன்' என்று எழுத்து.

"சிங்கத்த வுட நீ கொஞ்சம் குண்டா கீறியே அண்ணாத்த," என்றாள் ஜெகதாம்பாள்.

"சிங்கம் இன்னும் பிரியாணி துன்னலமே."

சனிக்கிழமை மத்தியானம் வெங்கடராகவன் ஆட்டோவில் வந்து இறங்கினார். வேஷ்டி மடிப்பில் பென் டிரைவ். முகம் சரியில்லை. சிநேகா லீவு போட்டு வந்திருந்தாள். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவள் உள்ளே போனதும்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து முழுசாப் பாத்துட்டேன் ஓய்."

"நான் கீறேனா?"

"இருக்கீர். நன்னா இருக்கீர்."

"அந்தச் சண்டை?"

"எந்தச் சண்டை? நீர் போட்டதா, உம்ம ஆத்துக்காரி போட்டதா?" வெங்கடராகவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த டைரக்டர் ஒண்ணையும் கத்தரிக்கலை ஓய். பாடையில ஒக்காந்து சிரிக்கறீர், அவ ஓடி வரா, மாலையாலயே சாத்தறா. அப்படியே வெச்சிருக்கான். அதுதான் படத்துலயே பெரிய சிரிப்பாம், பத்ரி சொல்றான். நீர் ஒரு அடி கூட அடிக்கலை. மொத்தமும் வாங்கறீர்."

மோசஸ் வாசலைப் பார்த்தார். பிளெக்ஸின் முதுகுப் பக்கம் காற்றில் உப்பியது. பெஞ்சமின் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தான். இந்த ஊரில் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தவன் உண்டு. நேருக்கு நேர் நின்று சிரித்தவன் இதுவரை கிடையாது. இன்றைக்கு ஊரே உட்கார்ந்து சிரிக்கப் போகிறது, அதுவும் அவர் செலவில், பிரியாணியோடு.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் வெங்கடராகவன். "பென் டிரைவ் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். பொய் சொல்றது எனக்குக் கஷ்டம், ஆனா ஒமக்காக ஒண்ணு சொல்லலாம். நீரும் நானும் சிநேகாவும் எங்காத்துல கதவைச் சாத்திண்டு பாத்துக்கலாம். என்ன சொல்றீர்?"

"சரி சார். அப்டியே சொல்லிடு."

வெங்கடராகவன் எழுந்து செருப்பைத் தேடினார். மோசஸ் எழுந்திருக்கவில்லை. எதிரே சுவரில் அட்டை முகம். ஒரு தெரு பாக்கி விடாமல், ஈ.சி.ஆர். சுவரில் ஒரு கஜம் பாக்கி விடாமல், அந்த முகத்தை ஒட்டச் சொன்னது அவர்தான். ஊர் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பிதுங்கிய கண்ணோடுதான்.

"சார்."

"என்ன?"

"மூஞ்சி தெரியுதா?"

"உம்மதா? நன்னா..."

"என் மூஞ்சி எவனுக்கு வோணும். அவ மூஞ்சி."

வெங்கடராகவன் செருப்பைப் போடாமல் அப்படியே நின்றார். "திரை முழுக்க ஓய். கிட்டத்துல. முடி பறக்கறது, கண்ணுல ஜலம். மூக்குத்தி மினுக்கறது."

"எந்தப் பக்கம்?"

"எது?"

"மூக்குத்தி சார்."

வெங்கடராகவன் யோசித்தார். "அதை நான் கவனிக்கலையே."

"அப்ப போடு சார். ஊருக்கே போடு. கார்டு மூஞ்சிய ஊர் பூரா ஒட்டுனவன் நானு. இத்த மட்டும் கதவச் சாத்திகினு பாக்கச் சொல்றியா?"

"சிரிப்பா ஓய்."

"சிரிக்கட்டும். துட்டா குடுக்கப் போறானுங்க?"

வாய் சொல்லிவிட்டதே தவிர, ஏழு மணிக்கு ஷெட் நிறைந்தபோது முன் வரிசையில் ஓரத்து நாற்காலியாகப் பார்த்துத்தான் மோசஸ் உட்கார்ந்தார். வெள்ளையடித்த சுவரில் படம் விழுந்தது. பிரெஞ்சு யாருக்கும் புரியாது என்பதால் வெங்கடராகவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். "இவன் சொல்றான், நான் ஒளிஞ்சிண்டிருக்கேன், என்னைக் காட்டிக் குடுக்காதேங்கறான். யாரண்டை சொல்றான்னா, ஆட்டண்டை." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரெஞ்சு ஏஜெண்ட் அய்யங்கார் பாஷை பேசினால் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் சீக்கிரமே ஏஜெண்டை விட்டுவிட்டு, பெரியவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் தெரிவதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "டேய், அது மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுடா! ஒரு கடை கூட இல்ல பாரு!" "கடற்கரைக் கோயிலண்ட எவ்ளோ சவுக்கு!" "ரோட்ட பாரு, ஒரு வண்டி கீதா?" தலையில் மீன் கூடையோடு ஓரமாக நடந்துபோன ஒருத்தியை யாரோ தன் அத்தை என்று சொல்லி எழுந்து நின்றார்கள். அவள் இரண்டு எட்டு நடந்து, படத்தை விட்டே போய்விட்டாள். எழுந்தவர் கொஞ்ச நேரம் உட்காரவில்லை.

பாடை வந்தது. துணியை விலக்கினதும் இருபத்துநாலு வயசு மோசஸ். விசில் பறந்தது. பெஞ்சமின் நாற்காலி மேல் ஏறிவிட்டான். சுவரில் இருந்த மோசஸ் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். "இப்ப பாருங்கடா, எங்க அண்ணன் வுடப்போறாரு!" என்றான் பெஞ்சமின்.

தூரத்தில் மணலில் ஒரு புள்ளி ஓடிவந்தது. பெரிசாகிக்கொண்டே வந்தது. பாவாடைத் தாவணி மாதிரி அவசரமாகச் சொருகிய புடவை, அவிழ்ந்த தலை. முதல் அடி விழுந்ததும் ஷெட்டில் ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. "அடி வாங்கறாரு! நம்மாளு அடி வாங்கறாரு!" ஜெகதாம்பாள் தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

மோசஸுக்கு அந்தச் சிரிப்பு காதில் ஏறவில்லை. மூக்குத்தி இடது பக்கம். ஆமாம், இடது பக்கம். கன்னத்தில் ஒட்டிய மணல், மேல்வரிசையில் லேசாகத் தூக்கிய ஒரு பல். இதெல்லாம் எங்கே போயிருந்தது இத்தனை நாள்?

ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு எவளோ ஒருத்தியின் குரல். பிரெஞ்சில், கிளி மாதிரி கீச்சென்று. காசியம்மாள் வாயசைக்கிறாள், சீமைக்காரி கத்துகிறாள். வெங்கடராகவன் மைக்கில், "அயோக்கியா, என்னை ஏமாத்திட்டியேங்கறா," என்றார்.

மோசஸ் எழுந்தார். "பெஞ்சமினு! நிறுத்துடா!"

படம் நின்றது. சுவர் முழுக்க அவள் முகம், பாதி திறந்த வாயோடு. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தார்கள்.

"அது அவ குரல் இல்ல," என்றார் மோசஸ். "அவ சொன்னதும் அது இல்ல. திருப்பிப் போடு. சத்தத்த மூடிட்டுப் போடு. மைக்க இப்டி குடு சார்."

வெங்கடராகவன் மைக்கைக் கொடுத்தார். தூரத்துப் புள்ளியிலிருந்து மறுபடி ஓடியது படம், சத்தமில்லாமல். கடல் சத்தம் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. அவள் வாய் திறந்தபோது மோசஸ் பேசினார். நடித்துப் பேசவில்லை, உரக்கவும் பேசவில்லை. அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"யோவ், எந்திரிய்யா. எந்திரி. ஒன்ன கட்டிகினு வந்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள பாடையில ஏறி பல்லக் காட்டறியா? எவன்யா ஒன்ன படுக்கச் சொன்னது? இன்னும் ஒனக்கு ஒழுங்கா ஒரு கொழம்பு வெக்கத் தெரியல எனக்கு. உப்பு கம்மின்னு காலையில சொன்ன. அதுக்கா? அதுக்காய்யா போய்ப் படுத்த?"

மாலை பிய்ந்து பூ பறந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நான் எங்கய்யா போவேன்? எனக்கு யாரைத் தெரியும் இந்த ஊர்ல? சொல்லாம போவறதுக்கு நீ யாரு? எறங்கு. எறங்குய்யா. வூட்டுக்கு வா."

சுவரில் அவள் அவன் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மோசஸ் மைக்கை இறக்கிவிட்டார். அது அவர் காதுக்குள் சொன்னது, ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிநேகா முன்னால் வந்து சுவருக்குக் கிட்டே நின்றாள். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான அம்மாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு. "நைனா, அம்மாவுக்கு இவ்ளோ முடியா இருந்துச்சு?" என்றாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளாய் அது ஒரு சின்னக் கொண்டை.

"கைக்கு அடங்காது," என்றார் மோசஸ்.

ஜெகதாம்பாள்தான் முதலில் தேறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்த வெள்ளக்காரன அடிச்சது அண்ணியா?" என்றாள்.

"நான் அடிச்சா இன்னா, அவ அடிச்சா இன்னா? ஒரே வூடுதானமே!"

"அவன் ஒரு சுத்து கூட சுத்தல அண்ணாத்த. நேரா ஓடறான்."

"அவ கைய நீ வாங்கிப் பாத்திருந்தீனா தெரியும்."

மறுபடி சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தச் சிரிப்பில் பாதி பாதியாகப் பிரிக்க ஒன்றுமில்லை. தர்கா தெருப் பெண்கள் பக்கமிருந்து, "இன்னொரு தபா போடுங்கண்ணே," என்று குரல் வந்தது. பெஞ்சமின் திருப்பிப் போட்டான். மோசஸ் மறுபடி பேசினார். மூன்றாம் முறை போட்டபோது அவர் பேசவே வேண்டியிருக்கவில்லை. "உப்பு கம்மின்னு காலையில சொன்ன" என்ற இடத்தில் பெண்களே சேர்ந்து சொன்னார்கள். அதன் பிறகு வெங்கடராகவன் மணியைப் பார்த்துவிட்டு, மீதிப் படத்தையும் ஓட்டலாமே, இனிமேல்தானே கதை சூடு பிடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கேட்க ஆளில்லை. பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். மணலில் ஓடிவருகிறவளை மறுபடியும் போடச் சொல்லி ஒரு கூட்டம் சுவரடியிலேயே நின்றது.

அந்த ரகசிய ஏஜெண்ட் தேடிவந்த சுருள் கடைசியில் கிடைத்ததா, தடியர்கள் அவனைப் பிடித்தார்களா என்பது கோவளத்தில் இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.